மடலை விட்டு மன்றம் புகுந்தோர்

சென்ற தவணையில் ஒரு நாள், உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் தன் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசைமீது விரித்தான். பைதன் என்னும் கணினிமொழியில் அமைந்த சிறு செய்நிரல் ஒன்றை எங்கிருந்தோ பார்த்து எழுதியிருந்தான். அதன் நடுவே ":=" என்றொரு குறி கிடந்தது. "சேர், இது என்ன குறி? நீங்கள் இதைப் படிப்பிக்கேல்லையே" என்றான்.

முக்காற்புள்ளியும் சமக்குறியும் ஒட்டிநிற்கும் அக்குறியின் பயனை விளக்க ஐந்து நிமிடங்களே போதுமாயிருந்தன. ஆனால் அதன் பின்னால் நிற்கும் கதையைத் தொடங்கியபோது பாடவேளையும் முடிந்து, இடைவேளையும் முடிந்துவிட்டது. இரண்டு புள்ளிகளையும் இரண்டு கோடுகளையும் பற்றி எழுந்த ஒரு வழக்கிலே ஓர் அரசன் முடி துறந்தான். ஒரு பெருஞ்சபை தான் கூடிப் பேசும் இடத்தையே மாற்றிக்கொண்டது என்றால் வாசகர்கள் நம்புவார்களோ அறியேன்.

பைதன் என்றதும் மலைப்பாம்பை நினைப்பது இயல்பே. அம்மொழியின் சின்னத்திலும் இரண்டு பாம்புகள் இருக்கின்றன. ஆயினும் அதனைப் படைத்தவர் மனத்தில் இருந்தது பாம்பன்று. 'மொன்டி பைதன்' என்னும் பெயரோடு இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் தோன்றிய நகைச்சுவைக் குழுவே. படைத்தவர் ஒல்லாந்து நாட்டவரான கீடோ வான் ரொசம். ஒல்லாந்தர் என்றால் கோட்டையும் தோம்பும் தேசவழமைச் சட்டமும் நினைவுக்கு வரும் நமக்கு, அந்நாட்டார் ஒருவர் வாளும் வரியுமின்றி உலகெங்கும் ஒரு மொழியைப் பரப்பினார் என்பது சற்றே வியப்பூட்டும் செய்திதான். ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் பணியாற்றிய காலத்தில், 1989 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில், பொழுதுபோக்காகவே அவர் இவ்வேலையைத் தொடங்கினார். 1991 பெப்ரவரியில் யாவரும் விலையின்றி எடுத்தாளும்படி இணையவழி வெளியிட்டார். இன்று நம் பிள்ளைகள் உயர்தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திற் கற்பதும் அம்மொழியையே.

விலையின்றிக் கொடுக்கப்பட்ட பொருளுக்கு ஒரு குணம் உண்டு. எடுத்துக்கொண்டவர் அதைத் தம்முடையதென்றே கருதத் தொடங்குவர். பைதனை எடுத்தாண்டோரும் அவ்வாறே கருதினர். ஒருவர் பிழை கண்டு திருத்தம் எழுதினார். மற்றொருவர் புதியதோர் உறுப்பைச் சேர்க்கலாமென்றார். பெரும்பாலோர் சம்பளம் பெறாதவர். ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாதவர். ஒருவர் உறங்கும் வேளையில் மற்றவர் விழித்திருக்கும் தேசங்களிற் குடியிருந்தவர். இத்தகையோர் ஒரு மொழியின் இலக்கணத்தைப் பற்றிப் பேசி முடிவு காண்பது எப்படி?

மின்மடலே வழியாயிற்று. ஒரு பொது முகவரி இருக்கும். அதற்கு ஒருவர் மடல் எழுதினால், குழுவிற் பதிந்த அனைவருக்கும் அதன் பிரதி போய்ச் சேரும். பதில் எழுதினால் அதுவும் அனைவருக்கும் போகும். இதனை மடற்குழு எனலாம். இம்மடல்களைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருள்களுள் புகழ்பெற்றது 'மெயில்மேன்', அதாவது தபாற்காரன். ஜோன் வியேகா என்பவர் தொடங்கிவைத்த அதனைப் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்தவர் பரி வார்சோ. இவர் பைதன் கூட்டத்தின் மூத்த அங்கத்தவருள் ஒருவர். அத்தபாற்காரனும் பைதன் மொழியிலேயே எழுதப்பட்டவன். எனவே அவர்கள் கூடிப் பேசிய மண்டபம், அவர்களே அரிந்த கல்லால் அவர்களே எழுப்பியது என்றால் மிகையாகாது. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வேண்டுமென்று 2000 ஆம் ஆண்டில் ஒரு முறையும் வகுத்தனர். மொழியில் மாற்றம் வேண்டுபவர் அதன் காரணத்தையும் அமைப்பையும் எதிர்வாதங்களையும் எழுதி, இலக்கமிட்ட முன்மொழிவாக வைக்கவேண்டும். யாவரும் அதனை மடல்களில் அலசுவர். ஈற்றில் ஆம் என்றோ அன்று என்றோ சொல்பவர் கீடோ ஒருவரே. இதனால் 1995 ஆம் ஆண்டளவிலேயே அவருக்கு நண்பர்கள் 'நல்லெண்ணமுடைய ஆயுட்காலச் சர்வாதிகாரி' என்று பட்டம் சூட்டியிருந்தனர். விளையாட்டாகச் சூட்டிய பட்டமே ஆயினும், அதிற் பொய்யில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொல்லே தீர்ப்பாக நின்றது.

நிற்க, நம் மாணாக்கன் கேட்ட குறிக்கு வருவோம். சந்தையிலே வெங்காயம் நிறுக்கும் வியாபாரியைப் பாருங்கள். முதலில் நிறுத்து, எடையை ஒரு துண்டிற் குறித்துக்கொள்கிறார். பிறகு துண்டைப் பார்த்து, பத்துக் கிலோவுக்கு மேற்பட்டதா என்று சோதித்து, மேற்பட்டால் விலை குறைக்கிறார். பைதனிலும் தொன்றுதொட்டு அவ்வாறே: ஒரு வரியில் மதிப்பைப் பெயரிட்டு வைக்கவேண்டும், அடுத்த வரியிற் சோதிக்கவேண்டும். புதுக்குறியோ, நிறுக்கும் கையோடு குறித்தும் சோதித்தும் விடலாம் என்றது. 572 ஆம் இலக்க முன்மொழிவின் சாரம் இவ்வளவே. குறியைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பார்த்தால் வடதுருவக் கடலில் வாழும் வால்ரஸ் என்னும் விலங்கின் கண்களும் தந்தங்களும் போலத் தோன்றுவதால், அவ்விலங்கின் பெயரே அதற்கு இடுபெயராயிற்று.

இதில் என்ன சண்டை என்று கேட்கத் தோன்றும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் மறுத்தவர்களின் நியாயம் இலேசானதன்று. பைதனின் பெருமையே அதன் எளிமை. ஒன்றைச் சொல்வதற்கு வெளிப்படையான ஒரு வழியே இருக்கவேண்டுமென்பது அக்கூட்டத்தாரின் நெடுநாட் கொள்கை. இங்கே ஒரே காரியத்துக்கு இரண்டாவது குறியொன்று வந்து நுழைகிறது. மேலும், 'சி' என்னும் மொழியில் சோதிக்கும் குறிக்குப் பதிலாகப் பெயரிடும் குறியைத் தவறி எழுதி, மணிக்கணக்காகப் பிழை தேடிய அனுபவம் அவர்களுட் பலருக்கு உண்டு. அந்த வினையை விலைகொடுத்து வாங்குவானேன் என்றனர். வேண்டியவர்களோ, இரண்டு வரி ஒரு வரியாவதால் செய்நிரல் தெளிவடையும் இடங்களை எடுத்துக் காட்டினர். இரு திறத்தாரும் கற்றவர். இரு திறத்தாரும் மொழிமேற் பற்றுடையவர். பகைவரோடு வாதிடுவது இதனினும் எளிது.

2018 ஆம் ஆண்டின் முற்பாதியில் மடல்கள் நூற்றுக்கணக்கிற் குவிந்தன. மண்டபத்தின் குறை அப்போதுதான் வெளிப்பட்டது. நேரிற் கூடும் சபையிலே ஒருவர் நல்லது சொன்னால் மற்றவர் தலையசைப்பர், அது போதும். மடற்குழுவிலே தலையசைக்க வழியில்லை. உடன்பாட்டைத் தெரிவிக்கவும் ஒரு மடல் வேண்டும். அது அத்தனை பேருடைய பெட்டியிலும் போய் விழும். ஆதலால் உடன்படுவோர் பெரும்பாலும் வாளாவிருந்தனர், மறுப்போரே எழுதினர். முன்னைய மடல்களை வாசிக்காமல் நேற்று வந்தவர், முன்பே விடைகூறப்பட்ட கேள்வியை இன்று மீண்டும் எழுப்புவார். ஒரு வாதம் கிளைவிட்டுக் கிளைக்குட் கிளையாக ஓடும். பேச்சு மிஞ்சிப்போனால், "ஐயா, சற்றே ஆறுங்கள்" என்று கையமர்த்துவதும் எளிதன்று. அதையும் மற்றொரு மடலாகவே எழுதவேண்டும். எழுதிவிட்ட சொல்லை மீட்கவும் முடியாது. இவற்றையெல்லாம் வாசித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டியவரோ ஒருவர்.

தீர்ப்பு வந்தது. கீடோ அம்முன்மொழிவை ஏற்றார். அதன் ஆசிரியர் மூவருள் தாமும் ஒருவர் என்பதும் அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018 ஜூலை 12 ஆந் தேதி, உள்வட்ட அங்கத்தவரின் மடற்குழுவுக்கு அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, அதன்பின்னும் இத்தனை பேர் தம் முடிவை வெறுப்பதைக் காணும் நிலை இனித் தமக்கு வேண்டாம் என்றும், தலைமையிலிருந்து நிரந்தர விடுமுறை எடுத்துக்கொள்வதாகவும், தமக்குப்பின் வருபவரைத் தாம் குறிக்கப்போவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். எவ்வகை ஆட்சியை அமைப்பதென்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

நம்மூர்ச் சங்கங்களிலே தலைவர்கள் விலகுவதைப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் தோற்ற பின்பே விலகுவர். அதுவும் காரியதரிசியின் மேற் குற்றஞ் சாட்டிவிட்டே. வென்ற உடனேயே ஒருவர் ஆசனத்தை விட்டெழுவது அரிது. அம்மடலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அதிற் கோபத்தைக் காட்டிலும் களைப்பே மிகுதி என்பது என் எண்ணம். ஒரு சிறு நண்பர் குழாத்துக்கென அமைந்த பேச்சுமுறை, பெருஞ்சனக் கூட்டத்தைத் தாங்கமாட்டாமற்போக, அப்பாரம் முழுதும் ஒரு மனிதர் தோளில் இறங்கியது.

தலைவர் இல்லாத சபை இப்போது இரண்டு காரியங்களைச் செய்யவேண்டியிருந்தது. ஆட்சிமுறையைத் தெரிய வேண்டும். அதைப் பற்றி, முன்போல் ஒருவரையொருவர் களைப்பிக்காமற் பேசவும் வேண்டும். ஆண்டின் பிற்பகுதியில் அவர்கள் ஒரு புதிய மன்றத்தைத் திறந்தார்கள். 'டிஸ்கோர்ஸ்' என்ற மென்பொருளின்மேல் அமைந்தது அது. ஜெஃப் அட்வுட் முதலியோர் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட அம்மென்பொருளில், மடல்கள் ஆளாளுக்குப் பிரிந்து போவதில்லை. ஓரிடத்தில், ஒரு பொருளின்கீழ், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு மடலை ஒப்புகிறவர் அதன் கீழுள்ள இதயக் குறியைத் தொட்டால் தலையசைத்ததாகிவிடும். பேச்சு வழிதவறினால் நடுவர் அப்பகுதியைப் பிரித்து வேறு தலைப்பிடலாம். வரம்பு கடந்ததை மறைக்கலாம். வாய் ஓயாதவர்க்குச் சற்றே தவணை விதிக்கலாம். எழுதியவர் தம் மடலைத் திருத்தலாம். திருத்திய அடையாளம் நிற்கும். சுருங்கச் சொல்லின், தபாற்காரனுக்குப் பதிலாக ஒரு சபாநாயகர் வந்தார்.

ஆட்சிமுறைக்கு ஏழு முன்மொழிவுகள் வந்தன. முன்போல் ஒருவரே தலைவராகலாம் என்றது ஒன்று; மூவர் ஆளலாம் என்றது ஒன்று; தலைமையே வேண்டாம், அங்கத்தவர் தாமே பார்த்துக்கொள்வர் என்றது வேறொன்று. விருப்ப வரிசைப்படி வாக்களித்து, 2018 டிசம்பரில் ஐவர் கொண்ட வழிநடத்துங் குழு என்ற திட்டத்தைத் தெரிந்தனர். ஐவருள் ஒரே நிறுவனத்தில் ஊழியம் செய்வோர் இருவருக்கு மேற்படலாகாது என்ற விதி அதில் உண்டு. பெரிய கம்பனிகள் பொதுச்சொத்தைத் தம் வசமாக்காதிருக்க இட்ட வேலி அது. நம் சங்கங்களுக்கும் இப்படியொரு விதி இருந்தால் நன்றாயிருக்கும் என்று வாசிக்கும்போது எனக்குத் தோன்றிற்று. 2019 பெப்ரவரியில் முதற்குழு தெரிவாயிற்று: பரி வார்சோ, பிரெட் கனன், கரோல் வில்லிங், நிக் கொக்லன், ஐந்தாமவர் கீடோ வான் ரொசம்! அரசர் ஐவருள் ஒருவராக வந்தமர்ந்து, அடுத்த தேர்தலில் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். வால்ரஸ் குறியோ அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த 3.8 ஆம் பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. அதன்பின் வானம் இடிந்து விழவில்லை. வேண்டியவர் எழுதுகின்றனர், வேண்டாதவர் விடுகின்றனர்.

மன்றம் திறந்ததனால் மண்டபம் உடனே காலியாகிவிடவில்லை. உள்வட்ட அங்கத்தவரின் பேச்சே முதலில் இடம்பெயர்ந்தது. மொழியின் வளர்ச்சியைப் பேசும் பெரிய மடற்குழுவின் அலுவல்கள் 2022 ஆம் ஆண்டளவிலேயே புதிய இடத்துக்கு மாற்றப்பட்டன. அந்நான்கு ஆண்டுகளும் ஒரு குடும்பம் பழைய வீட்டில் அடுப்பும் புதிய வீட்டிற் படுக்கையுமாக இருந்தது போலத்தான். முக்கியமான பேச்சு எங்கே நடக்கிறதென்று தெரியாமற் பலர் இரண்டு வாசலிலும் காத்துநின்றனர்.

மறுத்தோர் சொன்னவற்றைப் பழமைவாதமென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மடற்குழுவிலே ஒவ்வொரு மடலும் ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு பிரதியாகத் தங்குகிறது. அதை எந்தக் கருவியால் வாசிப்பது, எப்படி அடுக்குவது, எதை வடிகட்டுவது என்பன வாசிப்பவர் விருப்பம். இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் வாசிக்கலாம். பதில் எழுதி வைத்துப் பின்னர் அனுப்பலாம். அனுப்பிய சொல்லை ஒருவரும் மறைக்க முடியாது. மன்றத்திலோ யாவும் ஒரு வீட்டிலே இருக்கின்றன. திறப்பு வைத்திருப்பவர் நல்லவராக இருக்குமட்டும் குறையில்லை. அன்றியும், இருபத்தைந்து ஆண்டுகள் மடலிலே பழகிய கைக்கு, இதயக் குறியும் பதக்கங்களும் நிறைந்த புதிய இடம் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுக் கூடம் போலத் தோன்றியதில் வியப்பென்ன? சிலர் வந்தனர், சிலர் வரவேயில்லை. வராதவர்களின் அனுபவமும் அவர்களோடு போயிற்று. இந்த நட்டத்தை எண்ணுதற்குக் கணக்கேடு இல்லை.

ஆயினும் என்னைக் கேட்டால், இடம்பெயர்ந்தது சரியே என்பேன். காரணம் மூத்தவர்களன்று, புதியவர்கள். இன்று மடற்குழுவிற் சேரும் பிள்ளையின் பெட்டி வெறுமையாயிருக்கும். நேற்று நடந்த பேச்சு அதில் இராது. பழைய ஏட்டைத் தேடி வாசிக்கலாம். ஆனால் அதற்குப் பதிலெழுதும் நெறிமுறை, வெட்டி ஒட்டும் வழக்கம், எதை மேலே எழுதுவது எதைக் கீழே எழுதுவது என்ற சம்பிரதாயம் யாவும் அறியாமல் எழுதினால், முதல் மடலுக்கே கண்டனம் வரும். மன்றத்திலே வாசல் ஒன்றுதான். உள்ளே நுழைபவர் முன்னோரோடு ஒரே பலகையைப் பார்க்கிறார். இதில் வார்சோவின் பெருந்தன்மையையும் சொல்லவேண்டும். தம் வாழ்நாளில் எத்தனையோ ஆண்டுகளைச் செலவிட்டு வளர்த்த தபாற்காரனை அவருடைய கூட்டத்தாரே விட்டுப் பிரிந்தபோது, அவர் அக்கூட்டத்தை விட்டுப் பிரியவில்லை.

எல்லாரும் இவ்வழியே போயினர் என்று எண்ணவும் வேண்டா. சுவிஃப்ட் என்னும் மொழியினர் 2018 தொடக்கத்திலேயே மடலை விட்டு மன்றம் புகுந்தனர். ஆனால் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸின் கருவகத்தை வளர்ப்போர் இன்றும் மடற்குழுவிலேயே வாதிடுகின்றனர். திருத்தங்களையும் மடலிலேயே அனுப்புகின்றனர்.

புதிய மன்றம் மனிதரைப் புதியவராக்கிவிட்டதோ என்றால், இல்லை. 2024 ஆம் ஆண்டில் பைதன் அறக்கட்டளையின் துணைவிதிகளைத் திருத்துவது பற்றி அம்மன்றத்திலே சூடான வாதம் எழுந்தது. அதன் விளைவாக, அம்மொழியின் தொடக்கம் முதல் உழைத்த மூத்த அங்கத்தவர் ஒருவர் மூன்று மாதங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். அது நீதியா அநீதியா என்று அக்கூட்டத்தாரே இரண்டு பட்டனர். கையமர்த்தும் அதிகாரம் இல்லையே என்று முன்பு வருந்தியவர்கள், அதிகாரம் மிஞ்சிவிட்டதோ என்று இப்போது கேட்டுக்கொண்டார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த என் மாணாக்கன், அந்த மன்றத்திலே தானும் எழுதலாமா என்று வினவினான். "ஏன் தம்பி, யாரும் எழுதலாம்" என்றேன். மறுநாள் வந்தான், முகத்திற் சற்றே ஏமாற்றம். புதிதாகச் சேர்ந்தவருக்கு அங்கே எல்லா உரிமைகளும் உடனே கிட்டுவதில்லை. அம்மென்பொருளின் வழக்கமான ஒழுங்கின்படி, ஐந்து பொருள்களையேனும் திறந்து, முப்பது மடல்களையேனும் வாசித்து, பத்து நிமிடங்களேனும் அங்கே செலவிட்டவரையே அது அடுத்த படிக்கு உயர்த்தும். பேசுமுன் வாசி என்று நான் இருபது ஆண்டுகளாக வகுப்பிற் சொல்லிச் சலித்ததை ஒரு மென்பொருள் விதியாகவே வைத்திருப்பது கண்டு எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான், அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை வாசித்தாய்?" என்று கேட்டேன்.

"பதினேழு, சேர். பழைய மடல்களும் அப்படியே கிடக்குது. அந்த ஜூலை மடலையும் பார்த்தேன்" என்றான். பிறகு சிறிது தயங்கி, "அவர் திரும்பி வந்து அஞ்சு பேரில ஒராளா இருந்தாரெண்டு சொன்னியள். அப்ப மற்ற நாலு பேரும் அவரைப் பேச விட்டிருப்பினமோ?" என்றான்.

மணி அடித்துவிட்டது. அவன் கொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்கு ஓடினான்.